அடங்கிக் கிடக்கும் டி.பி.யும் அதைக் காவல் காக்கும் புரதங்களும்

முடக்குவாதத்துக்கு ஊசி தொடங்குவதற்கு முன், "உங்கள் வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?" என்று டாக்டர் கேட்டால், நம்மில் பலர் "இல்லை" என்றுதான் சொல்கிறோம். வாப்பாவுக்கு இருபது வருடத்துக்கு முன் வந்து குணமானது நினைவில் இருக்கும். ஆனாலும் வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறாள், வெளியே தெரிந்தால் சம்பந்தம் பேச வருவார்களா என்ற பயம். டாக்டர் அதை ஏன் கேட்கிறார் என்று பார்ப்போம்.

டி.பி. கிருமி காற்று வழியே நுரையீரலுக்குள் போனதும், வெள்ளை அணுக்களில் ஒரு வகை அதை விழுங்கிவிடும். வேறு கிருமிகள் பெரும்பாலும் அதோடு செத்துவிடும். இதுவோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருக்கத் தெரிந்த கிருமி. அதைக் கொல்ல அந்த அணுவுக்கு வெளியிலிருந்து ஒரு தகவல் வர வேண்டும். தகவல் கொண்டு வருபவை சைட்டோகைன் என்னும் சின்னஞ்சிறு புரதங்கள்.

அவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். இன்டர்ஃபெரான் காமா, விழுங்கிய அணுவை உசுப்பிக் கிருமியைத் தாக்க வைக்கிறது. இதை ஏற்கும் அமைப்பு பிறவியிலேயே பழுதான சில குழந்தைகளைப் பற்றி 1996இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யாத கிருமிகளே அவர்களுக்குக் கடும் நோயாயின. இரண்டாவது புரதம் டி.என்.எஃப். அது அணுக்களைக் கூட்டிக் கிருமியைச் சுற்றி மதில் போல நிறுத்தி வைக்கிறது. உள்ளே கிருமி சாகாமல், பெருகாமல் பல ஆண்டு கிடக்கும். அந்த ஆளுக்கு இருமல் இல்லை. அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றவும் செய்யாது. இப்படித் தொற்றியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது.

முடக்குவாதத்தில் மூட்டை வீங்க வைப்பதும் இதே டி.என்.எஃப்.தான். சொரியாசிஸிலும் சில குடல் நோய்களிலும் அதற்குப் பங்கு உண்டு. அதைத் தடுக்கும் ஊசிகளில் ஒன்று இன்ஃபிளிக்ஸிமாப். வீக்கம் வடியும், ஆனால் மதிலும் தளரும். இந்த ஊசிக்குப் பின் டி.பி. வந்த 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001இல் வெளியானது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருந்தது. ஊசியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விரலை மடக்க முடியாதவர்களை மறுபடி வேலை செய்ய வைத்த மருந்து அது.

அதனால்தான் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும், தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனையும் எடுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் நம் ரத்தத்தை டி.பி. கிருமியின் புரதத்தோடு கலந்து, இன்டர்ஃபெரான் காமா எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கிறார்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தப் பரிசோதனைகள் தொற்றைக் காட்டாமல் போகலாம். அப்போது வாப்பாவுக்கு வந்த டி.பி.யைப் பற்றி நாம் சொல்லும் ஒரு வார்த்தைதான் டாக்டருக்குத் துப்பு. உறங்கும் தொற்று இருந்தால் முதலில் தடுப்பு மாத்திரை கொடுத்து, பிறகு ஊசியைத் தொடங்குவார்கள். அரசு மருத்துவமனைகளில் டி.பி. மாத்திரைகள் இலவசம்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால், எடை குறைந்தால், கழுத்தில் கட்டி தெரிந்தால், இருமல் இல்லையே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் அந்த ஊசிச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.