முழங்கால் நார் சத்திரசிகிச்சைக்குப் பின்: ஆண்டுக்கணக்கில் பேண வேண்டிய மூட்டு

அக்கரைப்பற்றிலும் அயற்கிராமங்களிலும் மாலையில் மைதானத்தில் பந்தடிக்கும் இளைஞர்களே காலையில் வட்டையில் இறங்குகின்றார்கள், தோணி தள்ளுகின்றார்கள், மோட்டார் சைக்கிளில் தொழிலுக்குப் போகின்றார்கள். ஓடும்போது சட்டெனத் திரும்பினாலோ, ஈர வரம்பில் கால் வழுக்கினாலோ, வீதி விபத்து நேர்ந்தாலோ முழங்காலினுள்ளே இருக்கும் நார் அறுந்துவிடக்கூடும். 'லிகமென்ட் அறுந்துவிட்டது' என்று வைத்தியர் சொல்வது இதைத்தான்.

சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் முதற் சில மாதங்கள் கிளினிக்கிற்குத் தவறாமல் போகின்றார்கள். ஊன்றுகோல் போகின்றது, வீக்கம் வற்றுகின்றது, வலி நிற்கின்றது. வலி நின்ற நாளிலேயே பலரிடம் கவனிப்பும் நின்றுவிடுகின்றது. உண்மையில் அந்த நாளில்தான் நோயாளியின் சொந்தப் பொறுப்பு தொடங்குகின்றது. அதை அவர் எப்படி நிறைவேற்றலாம் என்பதே இப்பாடம்.

1. மூட்டினுள் நடப்பது என்ன?

தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடம் முழங்கால். முன்னால் சிரட்டை மூடியிருக்கின்றது. நான்கு முக்கிய நார்கள் எலும்புகளை விலகாமல் பிணைத்துள்ளன. இவற்றில் இரண்டு, மூட்டின் நடுவில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. அவற்றுள் முன்புறத்து நாரே அதிகம் அறுவது. கணைக்கால் முன்னே சறுக்காமலும், திரும்பும்போது மூட்டு பிசகாமலும் காப்பது இதன் வேலை.

முற்றாக அறுந்த இந்த நார் பெரும்பாலும் பழைய உறுதியுடன் தானாக ஒட்டுவதில்லை. ஆகவே நோயாளியின் பின்தொடையிலிருந்தோ சிரட்டைக்குக் கீழிருந்தோ ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புதிய நாராகப் பொருத்துகின்றார்கள்.

நார்ச் சிகிச்சையின் வரலாறு நீண்டது. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ரொப்சன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த நார்களைத் தைத்தார். ஆறு ஆண்டுகளின் பின் தமது கால் உறுதியாக இருப்பதாக அத்தொழிலாளி கூறியது பதிவாகியுள்ளது. உடலால் உழைக்கும் ஒருவரின் முழங்காலை ஆண்டுகள் கழித்துப் பார்த்தே எடைபோட வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2. புதிய நார் வேர்பிடிக்கும் காலம்

நட்ட நாற்று வேர்பிடிக்கு முன் மஞ்சளித்து வாடுவதைக் கமக்காரர் அறிவர். பொருத்திய நாரும் அப்படியே. அதனுள் புதிய குருதிக்குழாய்கள் வளர்ந்து அது உயிருள்ள நாராக மாறும் முதற் சில மாதங்களில், பொருத்திய நாளைவிடவும் அது பலவீனமாக இருக்கும். ஆனால் வலி குறைந்து 'சுகமாகிவிட்டது' என்று நோயாளி எண்ணுவதும் அதே மாதங்களில்தான். நார் முழுமையாக முதிர ஓராண்டுக்கு மேல், சிலரில் இரண்டு ஆண்டுகள்கூடச் செல்லும்.

இன்னுமொன்றையும் மறந்துவிடலாகாது. நார் ஒருமுறை அறுந்த முழங்காலில், சத்திரசிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும், 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்வு தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 22 வயதில் காயப்பட்ட இளைஞர் 40 வயதில், பிள்ளைகள் பாடசாலை போகும் காலத்தில், நடக்கச் சிரமப்படலாம். அன்று அவருடைய உழைப்பு குறைந்தால் குடும்பமே தளரும்.

3. தொடைத் தசையே காவற்காரன்

நாரைப் பொருத்துவது வைத்தியர். அதைக் காப்பது தொடைத் தசை. சத்திரசிகிச்சைக்குப் பின் இத்தசை மெலிகின்றது. பயிற்சி இல்லாவிடில் ஆண்டுகள் சென்றும் அந்தக் குறை நீங்காது. இரு கால்களையும் நீட்டி அமர்ந்து, சிரட்டைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் தையல் நாடாவால் இரு தொடைகளையும் அளந்து பாருங்கள். மெலிவு நன்றாகத் தெரிந்தால் காவற்காரன் இன்னும் தேறவில்லை.

முதற்கட்டச் சிகிச்சை முடிந்து வைத்தியரும் பிசியோதெரபிஸ்டும் அனுமதித்தவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை:

(அ) கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து மெதுவாக எழுந்து மெதுவாக அமர்தல்.
(ஆ) வாசற்படி ஒன்றில் சத்திரசிகிச்சை செய்த காலால் ஏறி, அதே காலைப் படியில் வைத்தபடி மற்றக் காலை மெதுவாகக் கீழே இறக்குதல்.
(இ) மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பை உயர்த்துதல்.
(ஈ) சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்கால்களை உயர்த்துதல்.
(உ) ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்றல்.

முதல் நான்கையும் பத்துப் பத்தாக மூன்று தடவை, கிழமைக்கு மூன்று நாள் செய்தால் போதும். சைக்கிள் ஓடுவதும் நல்லது. மறுநாட் காலையில் மூட்டு வீங்கியிருந்தால் முதல் நாள் செய்தது அதிகம்; குறையுங்கள். வீக்கமில்லையெனில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இப்பயிற்சியைப் பல் துலக்குவதுபோல் வாழ்நாள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

4. வயலிலும் வீட்டிலும்

சேறு பாதத்தைப் பிடித்திருக்கையில் உடலை மட்டும் திருப்புவதே முழங்காலுக்குப் பெரிய ஆபத்து. முதலில் பாதத்தை எடுத்து வைத்து, பின்பு உடலைத் திருப்புங்கள். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து குதிக்காமல் இறங்குங்கள். நெல் மூட்டையை இருவராகத் தூக்குங்கள். கடற்கரையில் நடப்பவர்கள் புதை மணலைவிட ஈரம் இறுகிய மணலைத் தெரிந்துகொள்வது நன்று.

மீன் வெட்டவும் களை பிடுங்கவும் நெடுநேரம் குந்தியிருக்கும் பெண்கள் உயரமான முக்காலியைப் பயன்படுத்தலாம். குந்தும் மலசலகூடமாயின் சுவரில் ஒரு பிடி பொருத்துங்கள்; முடிந்தவர்கள் கொமட் வைத்துக்கொள்ளலாம்.

உடல் எடையும் முக்கியம். பருமனானவர்களின் மூட்டுத் தேய்வு பற்றி அமெரிக்காவில் செய்யப்பட்டு 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை 4 கிலோ குறைகின்றது.

5. தொழுகை, செபம், பூசை

நம் பிரதேசத்தில் எச்சமயத்தவராயினும் இறைவன் முன் முழங்காலை மடக்கியே வழிபடுகின்றோம். தொழுகையில் சுஜூது, கோவிலில் முழந்தாளிடுதல், ஆலயத்தில் சம்மணமிட்டு அமர்தல் யாவும் மூட்டை ஆழமாக மடிப்பன. சிரட்டைக்குக் கீழிருந்து நாண் எடுக்கப்பட்டவர்களுக்கு முழந்தாளிடும் போது ஆண்டுக்கணக்கில் நோவு இருக்கலாம். தடித்த விரிப்பு அல்லது சிறு மெத்தை உதவும். அதுவும் முடியாதவர் கதிரையில் அமரலாம். இயலாதவர் அமர்ந்து தொழ இஸ்லாம் இடமளிக்கின்றது. திருச்சபையும் நோயுற்றவரை முழந்தாளிட வற்புறுத்துவதில்லை. கதிரையில் இருந்து வழிபடுகிறவரைச் சபையார் ஒரு மாதிரியாகப் பார்க்காதிருப்பதும் ஒரு பிறர்நலத் தொண்டே.

6. மீண்டும் மைதானத்துக்கு

நோர்வேயிலும் அமெரிக்காவிலும் நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒன்பதாம் மாதம்வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு மாதமும் மறுபடி காயப்படும் ஆபத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. காலம் மட்டும் போதாது. காயப்பட்ட கால் மற்றக் காலின் பலத்தில் 90 வீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். 25 வயதுக்குட்பட்டு மீண்டும் விளையாடச் செல்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ நார் மறுபடி அறுகின்றது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு நார் அறும் ஆபத்து அதிகம் என்பதை வலைப்பந்தாட்டப் பயிற்றுனர்கள் கவனிக்க வேண்டும்.

இந்திய விக்கெட் காப்பாளர் ரிஷப் பந்தை நம் இளைஞர்கள் அறிவர். 2022 டிசம்பர் 30இல் கார் விபத்தில் சிக்கி, 2023 ஜனவரியில் முழங்கால் நார்ச் சிகிச்சை பெற்றார். அவர் மீண்டும் போட்டியில் ஆடியது 2024 மார்ச்சில். அவ்வாண்டு செப்டெம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் டெஸ்ட் சதமும் அடித்தார். சிறந்த நிபுணர்களின் கவனிப்பு இருந்தும் அவருக்கு ஓராண்டுக்கு மேல் சென்றது. நான்காம் மாதத்தில் 'மெட்ச்'சுக்கு இழுக்கும் நண்பர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

7. வலி மாத்திரையும் எண்ணெயும்

பாமசியில் டைக்ளோபெனக் போன்ற வலி மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிறுநீரக நோய் கமக்காரரை வாட்டிவரும் நமது வரண்ட வலயத்தில் இது இரட்டை ஆபத்து. எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதில் தீங்கில்லை. வீங்கிய மூட்டை இழுத்து முறுக்க எவருக்கும் இடமளிக்க வேண்டாம்.

8. தாமதிக்காமல் வைத்தியரை நாட வேண்டிய வேளைகள்

கால் திடீரென மடங்கி விழப் பார்த்தால், மூட்டு பூட்டியதுபோல் நீட்டவோ மடிக்கவோ முடியாமற் போனால், காரணமின்றி வீக்கம் திரும்பினால் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். மூட்டு சிவந்து காய்ச்சலும் கண்டால், அல்லது கெண்டைக்கால் வீங்கி நொந்தால் அன்றே செல்லுங்கள். சத்திரசிகிச்சைக் குறிப்பையும் கிளினிக் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். பத்து ஆண்டுகளின் பின் வரும் வைத்தியருக்கும் அவை தேவைப்படும்.

அரசாங்க வைத்தியசாலையில் நமக்குச் சத்திரசிகிச்சை இலவசமாகக் கிடைப்பது பெரும் பேறு. அதன் பயனைக் காப்பதற்கு ஒரு கதிரையும், ஒரு வாசற்படியும், கிழமையில் மூன்று அரை மணித்தியாலங்களும் போதும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. நமது கிராமத்தில் முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்களில் எத்தனை பேர் இன்றும் பயிற்சி செய்கின்றார்கள்? நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்?
2. காயப்பட்ட வீரர் ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்காதிருக்க விளையாட்டுக் கழகம் என்ன விதி வகுக்கலாம்?
3. பாரம் தூக்க இயலாத ஒருவருக்கு ஒரு போகத்துக்கு உதவக் கமக்காரர் அமைப்பு என்ன செய்யலாம்?