வீடில்லாதோருக்காக ஒரு சட்டம்

1966 நவம்பரில், வீடிழந்து பிள்ளைகளையும் பிரிந்த ஒரு தாயின் கதையை பிபிசி நாடகமாக ஒளிபரப்பியது. பிரிட்டன் ஜனங்கள் கலங்கினார்கள். இரண்டே வாரத்தில், டிசம்பர் 1 அன்று, லண்டனில் "ஷெல்ட்டர்" இயக்கம் ஆரம்பமாயிற்று. அதை நிறுவிய போதகர் புரூஸ் கென்ரிக், 1963இலேயே நாட்டிங் ஹில்லில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, பழைய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு ஏழைக் குடும்பங்களைக் குடியமர்த்தியவர். நன்கொடை தாராளமாகவே வந்தது. ஆனாலும் நன்கொடையால் எத்தனை வீடு வாங்க முடியும்? ஆகவே ஷெல்ட்டர் மற்றச் சங்கங்களோடு சேர்ந்து சட்டம் கேட்டது. 1977இல் கிடைத்தது: பிள்ளையுள்ளோர், கர்ப்பிணிகள், முதுமையாலோ நோயாலோ பலவீனப்பட்டோர் வீடிழந்தால், தங்குமிடம் தருவது உள்ளாட்சியின் கடமை. (குணமாகி நடைபாதைக்கே திரும்புகிறவருக்கு மருந்து எத்தனை நாள் தாங்கும்?) திடகாத்திரமான தனியாட்களோ விடப்பட்டார்கள். ஸ்காட்லாந்து 2012 முடிவில் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. இங்கிலாந்தில் அது இன்னும் நீங்கவில்லை.