வீட்டு நாய்களின் சண்டையும் அதனைத் தடுக்கும் முறைகளும்

தோட்டத்திற்கும் தொழுவத்திற்கும் காவலாக இரண்டு மூன்று நாய்களை வளர்க்கும் குடியானவர்கள் பலர். இவை தம்முள் கடித்துக்கொள்ளுமாயின் காவல் கெடுவதோடு, விலக்கப் போகும் ஆளும் கடிபட நேரிடும். இதனை ஜாதிக் குணமென்று சொல்லிச் சும்மா இருந்துவிடுவது வழக்கம். இராஜபாளையம், கோம்பை முதலிய ஜாதிகள் ரோஷமுள்ளவை என்பது மெய்யே. ஆயினும் பல சண்டைகள் நாம் சோறு வைக்கும் விதத்தினாலேயே உண்டாகின்றன.

மிஞ்சிய சோற்றை ஓரிடத்திற் கொட்டி எல்லா நாய்களையும் கூப்பிடும் பழக்கத்தை உடனே விட்டுவிடல் வேண்டும். ஒன்றை வாசலிலும் மற்றொன்றைக் கொல்லையிலுமாகக் கட்டி, ஒன்றின் சட்டி மற்றொன்றின் கண்ணிற் படாதவாறு தனித்தனியே உணவிடுக. தின்று முடிந்தபின் சட்டிகளை அப்புறப்படுத்திவிட்டே கயிற்றை அவிழ்க்க வேண்டும். எலும்பை நடுவில் எறிவது சண்டைக்கு வித்திடுவதாகும். மேலும் வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்துமாதலால் அதனை நாய்க்குப் போடாதிருப்பதே நலம்.

பெட்டை பருவத்திலிருக்கும் ஏறக்குறைய மூன்று வாரங்களும் ஆண் நாய்களைப் பிரித்துக் கட்டுவது அவசியம். ஒரே ஈற்றுக் குட்டிகளாயின் சண்டையிராதென்று சிலர் எண்ணுகின்றனர். உடன்பிறந்த இரு பெட்டைகள் வளர்ந்தபின் தீராப் பகை கொள்வதுமுண்டு. அவற்றுள் ஒன்றை வேறு தோட்டத்திற்கு அனுப்பிவிடுவதே தக்கதென்பது எமது அபிப்பிராயம்.

உறுமும் நாயை அடிக்கலாகாது. உறுமல் ஓர் எச்சரிக்கை; அடித்து அதனை அடக்கினால், நாய் உறுமாமலே கடிக்கப் பழகிவிடும்.

சண்டை மூண்டபொழுது கையை இடையில் நீட்டவே கூடாது. வாளித் தண்ணீரை முகத்தில் வீசலாம். பலகையையோ கயிற்றுக் கட்டிலையோ நடுவே தள்ளிப் பிரிக்கலாம்.

நெடுநாள் ஒற்றுமையாயிருந்த நாய் திடீரெனச் சீறுமாயின், காதுப் புண், பல் நோவு, மூட்டு வலி முதலியன உண்டா என்று கால்நடை வைத்தியரைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும். குரல் மாறி, எச்சில் வடிந்து, விழுங்க மாட்டாது தவித்தால் வெறிநோயென்று ஐயுற்று, கிட்டப் போகாமல் அவருக்குத் தெரிவிக்கவும்.

கடிபட்டவர் காயத்தைச் சவுக்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியவற்றை அப்பலாகாது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்ட தேதிகளைக் கிராம அதிகாரிகள் குறித்து வைத்திருப்பது விசாரணைக்கு உதவும். ஆனால் அக்குறிப்பைத் தேடும்வரையிற் கடிபட்டவர் காத்திருத்தல் கூடாது.