கோப்பின் தேதி எதைச் சொல்கிறது?

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் வழிநடத்த, பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, எவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றினார்கள். முதலில் இணைமதி எழுத்துரு, பிறகு திஸ்கி, அதன்பின் யூனிகோடு என்று குறியேற்றம் மாற மாற, அதே நூலுக்குப் புதிய கோப்புகள் உருவாயின.

அவற்றில் ஒன்றை இன்று உலாவி வழியே இறக்கிவைத்து, பைத்தானில் ஓஎஸ்.பாத்.கெட்எம்டைம் கொண்டு திருத்திய நேரத்தைக் கேளுங்கள். ஒரு தேதி வரும். அது தட்டச்சு முடிந்த நாளா, யூனிகோடுக்கு மாற்றிய நாளா, நீங்கள் இறக்கிய நாளா? பெரும்பாலும் நீங்கள் இறக்கிய நாள்தான். இது தெரியாமல் அந்தத் தேதியை நம்பி நூல்களை வரிசைப்படுத்தினால், உழைத்தவர்களின் வரலாறே பிழையாகிவிடும். ஸ்கிரிப்ட் எழுதுவோரிடம் இந்தத் தேதியைப் பற்றி உலவும் நம்பிக்கைகளைச் சரிபார்ப்பது அதனால்தான் அவசியம்.

நம்பிக்கை 1: திருத்திய தேதியோ சிடைமோ, ஏதோ ஒன்று கோப்பு பிறந்த நாளைச் சொல்லிவிடும்.

எம்டைம் என்பது உள்ளடக்கம் கடைசியாக எழுதப்பட்ட நேரம். அதற்கு முன் நூறு முறை திருத்தியிருந்தாலும் அந்தத் தடம் அதில் இல்லை. லினக்ஸில் சிடைம் என்பது கோப்பின் பெயர், உரிமை, அனுமதி போன்ற விவரங்களோ உள்ளடக்கமோ கடைசியாக மாறிய நேரம். அனுமதியை மாற்றினாலே அது புதுப்பிக்கப்படும். விண்டோஸில் மட்டும் பைத்தான் இதே பெயரில் உருவாக்கிய நேரத்தைத் தந்துவந்தது. குழப்பம் அங்கேதான் தொடங்கியது. பைத்தான் 3.12 முதல் விண்டோஸில் அந்தப் பயன்பாடு கைவிடப்பட வேண்டியது என்று குறிக்கப்பட்டு, உருவான நேரத்துக்கு பர்த்டைம் என்ற தனிப் புலம் வந்துவிட்டது.

நம்பிக்கை 2: நகல் எடுத்தாலும் தேதி அப்படியே வரும்.

எப்படி நகல் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. விண்டோஸில் பென்டிரைவுக்கு நகல் எடுத்தால் திருத்திய தேதி பழையதாகவே இருக்கும். உருவாக்கிய தேதி மட்டும் புதிதாகும். திருத்திய நாளுக்குப் பிறகு பிறந்த கோப்பைக் கண்டு பலர் திகைப்பது இதனால்தான். லினக்ஸில் வெறும் சிபி கட்டளை புதிய நேரத்தை இடும். அதோடு -பி என்று சேர்த்தால் பழைய நேரம் நிலைக்கும். பைத்தானின் ஷட்டில் தொகுப்பிலும் இதே கதைதான்: காப்பி நேரத்தைக் கொண்டுசெல்லாது, காப்பி2 கொண்டுசெல்லும். கிட் களஞ்சியம் எம்டைமைச் சேமிப்பதே இல்லை. க்ளோன் செய்த எல்லாக் கோப்புகளும் க்ளோன் செய்த நேரத்தையே காட்டும்.

நம்பிக்கை 3: கெட்எம்டைம் தருவது நம் ஊர் நேரம்.

அது தருவது ஓர் எண்: 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகள். அதைத் தேதியாக மாற்றும்போதுதான் நேர மண்டலம் நுழைகிறது. மண்டலத்தைச் சொல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில் எந்த மண்டலம் அமைக்கப்பட்டிருக்கிறதோ அதன்படி விடை வரும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருப்பவை. நமக்கும் அதற்கும் 5 மணி 30 நிமிடம் இடைவெளி. அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று அதிகாலை 4 மணிக்குச் சேமித்த படம், அந்த சர்வரில் முந்தைய நாள் இரவு 10.30 என்று பதிவாகும். திருவிழாப் படங்களை நாள்வாரியாக ஃபோல்டரில் பிரிக்கும் ஸ்கிரிப்ட் அதைத் தவறான நாளில் போட்டுவிடும். பைத்தான் 3.9-இல் வந்த ஸோன்இன்ஃபோ தொகுப்பில் ஏசியா/கொல்கத்தா என்று குறிப்பிட்டால் பிழை நேராது.

பென்டிரைவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தவை திருத்திய நேரத்தை 2 நொடி இடைவெளியில்தான் பதிவு செய்யும், அதுவும் உள்ளூர் நேரமாக. ஆகவே இரு இடத்து நேரங்களை ஒப்பிடும்போது சமமா என்று கேட்காமல், 2 நொடி வரை வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 4: ஃபோல்டரின் தேதியைப் பார்த்தால் உள்ளே நடந்தது தெரியும்.

ஃபோல்டருக்குள் ஒரு கோப்பு சேர்ந்தாலோ, நீங்கினாலோ, பெயர் மாறினாலோதான் அதன் தேதி மாறும். உள்ளிருக்கும் கோப்பில் ஒரு வரி திருத்தினால் ஃபோல்டர் அதை அறியாது. துணை ஃபோல்டரில் நடப்பதும் மேலே எட்டாது. சில எடிட்டர்கள் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றிச் சேமிப்பதால் தேதி மாறுவதும் உண்டு. அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் வேறொரு எடிட்டரிடம் தோற்கும். மாற்றம் தெரிய வேண்டுமானால் ஓஎஸ்.வாக் கொண்டு ஒவ்வொரு கோப்பையும் கேட்பதே வழி.

நம்பிக்கை 5: தேதி மாறாவிட்டால் உள்ளடக்கமும் மாறவில்லை.

ஆர்சின்க் கருவி இயல்பாக அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டும் ஒப்பிட்டே கோப்பைத் தாண்டிப் போகிறது. வேகத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு அன்றாடக் காப்புக்குப் போதும். ஆனால் இரண்டும் மாறாமலேயே உள்ளே இருப்பது மாறியிருக்க முடியும். அந்த ஐயம் உள்ள இடத்தில் செக்சம் தெரிவைச் சேர்த்து ஓட்ட வேண்டும். பிஎச்பியில் இன்னொரு சிக்கல்: ஃபைல்எம்டைம் ஒருமுறை தந்த விடையை அதே ஸ்கிரிப்ட் ஓடும்வரை நினைவில் வைத்திருக்கும். நடுவில் கோப்பு மாறக்கூடும் என்றால் முதலில் கிளியர்ஸ்டாட்கேஷ் அழைக்க வேண்டும்.

நம்பிக்கை 6: தேதி ஒரு சாட்சி, அதை யாரும் மாற்ற முடியாது.

இதுதான் இவற்றில் ஆபத்தானது. லினக்ஸில் டச் கட்டளை, பைத்தானில் ஓஎஸ்.யுடைம்: இரண்டும் ஒரே வரியில் எந்தத் தேதியையும் இட்டுவிடும். கணினியின் கடிகாரம் தவறாக இருந்தால், யாரும் ஏமாற்ற நினைக்காமலே தேதி பொய்யாகும்.

2004 ஜூலை 24 அன்று தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் வழக்குகள் வருகின்றன. கைப்பேசிப் படமும் கணினிக் கோப்பும் சான்றாகும் காலம் இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. அந்தச் சான்றிதழின் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். உள்ளடக்கத்தில் ஒரு பைட் மாறினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும். அது எழுதிய நாளைச் சொல்லாது. ஹாஷ் எடுத்த பிறகு கோப்பு மாறியதா என்பதைச் சொல்லும். பைத்தானின் ஹாஷ்லிப் சில வரிகளில் அதைக் கணக்கிட்டுத் தரும்.

அப்படியானால் எம்டைம் பயனற்றதா? இல்லை. எந்தக் கோப்பை மீண்டும் செயலாக்க வேண்டும், எதைக் காப்பு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய அதைவிட எளிய வழி இல்லை. வரலாற்றை மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது. நாள் முக்கியம் என்றால், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர், முடித்த நாள் ஆகியவற்றைக் கோப்பின் முதல் வரிகளில் சேருங்கள். எந்தக் கணினிக்குப் போனாலும், எந்தக் குறியேற்றத்துக்கு மாறினாலும், அந்த வரிகள் உரையோடு சேர்ந்தே போகும்.