புதுப்பிப்பு எங்கே நின்றது?

கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இன்று அம்மலைக்குச் செல்வோர் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற சரிவுகளைக் கண்டு மகிழ்கின்றனர். ஆனால், தேயிலையின் சுவை சரிவுகளில் மட்டும் உருவாவதில்லை. பறித்த கொழுந்து தொழிற்சாலையில் வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, நொதிக்க விடப்படுகிறது, உலர்த்தப்படுகிறது, இறுதியாகத் தரம் பிரிக்கப்படுகிறது. தூளின் நிறமோ மணமோ குறைந்தால், “தேயிலை கெட்டுவிட்டது” என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. வாட்டியது போதவில்லையா, நொதித்தது மிகுந்துவிட்டதா, உலர்த்திய சூடு கூடிவிட்டதா என்று படிப்படியாகப் பார்த்தால்தான் பிழை எங்கே நேர்ந்தது என்பது தெரியவரும்.

தோட்டத்து வீடுகளில் உள்ள கணினிகளுக்கும் இம்முறை பொருந்தும். “புதுப்பிப்பு நிறைவேறவில்லை” என்ற செய்தி திரையில் தோன்றினால் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் ‘மீண்டும் முயல்க’ என்ற பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகின்றனர். வேறு சிலர் பொறுமை இழந்து, தானியங்கிப் புதுப்பிப்பையே நிறுத்திவிடுகின்றனர். முதலாவது பெரும்பாலும் பயன் தருவதில்லை, இரண்டாவது ஆபத்தானது.

புதுப்பிப்பு எதற்கு?

கணினியின் எல்லாச் செயல்களையும் ஒருங்கிணைத்து நடத்துவது இயங்குதளமாகும். விண்டோஸ் இயங்குதளத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதில் கண்டறியப்படும் குறைகளுக்கான திருத்தங்களை 2003ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டு வருகிறது. அத்திருத்தங்களே புதுப்பிப்பாக வீட்டுக் கணினியை வந்தடைகின்றன.

திருத்தத்தைத் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதை 2017ஆம் ஆண்டு உலகம் கண்டது. விண்டோஸின் ஒரு குறைக்கு அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாளே திருத்தம் வெளியானது. ஆயினும், எண்ணற்ற கணினிகளில் அது நிறுவப்படவில்லை. மே 12ஆம் நாள் ‘வானாக்ரை’ என்னும் நச்சுநிரல் அக்குறையின் வழியே நுழைந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிடப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிப்படைந்தன. பிரிட்டனில் பல மருத்துவமனைகளின் சிகிச்சைகள் தடைப்பட்டன. மருந்து இரண்டு மாதங்களுக்கு முன்பே கைக்கு வந்திருந்தும், அதை உட்கொள்ளாதவர்களே பெரும்பாலும் துன்புற்றனர்.

வருமுன் காத்தல்

எனினும், புதுப்பிப்பே சில வேளைகளில் தீங்கு செய்வதும் உண்டு. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாள்களிலேயே அதை நிறுத்தி, குறையைக் களைந்து, நவம்பர் 13ஆம் நாள் மீண்டும் வெளியிட்டது. பாதிப்படைந்தோர் மிகச் சிலரே. ஆனால், அச்சிலருள் ஒருவராக இருந்தவருக்கு இழப்பு முழுமையானது.

ஆகவே, பழுதைத் தேடத் தொடங்கும் முன் கோப்புகளுக்குக் காப்பு நகல் எடுக்க வேண்டும். மாணவரின் பள்ளி ஒப்படைப்பு, குடும்பத்தின் நிழற்படங்கள், தோட்டத்து முதியவரிடம் பதிவுசெய்த நேர்காணல் ஆகியவற்றை மறுபடியும் பதிவிறக்கம் செய்ய இயலாது. இயங்குதளத்தை மீண்டும் நிறுவலாம்; இவற்றை மீண்டும் பெற முடியாது. ஒரு விரலியிலோ வெளி வன்தட்டிலோ நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது நலம். வெள்ளம் வருமுன் அணை போடுவது போன்றது இது.

நான்கு படிநிலைகள்

கொழுந்து தூளாவதற்குப் படிநிலைகள் இருப்பதுபோல், புதுப்பிப்புக்கும் நான்கு படிநிலைகள் உள்ளன. அவை தேடல், பதிவிறக்கம், நிறுவல், மறுதொடக்கம் ஆகியவையாகும். ‘அமைப்புகள்’ பகுதியில் உள்ள புதுப்பிப்பு வரலாற்றைத் திறந்தால், எந்தப் புதுப்பிப்பு தோல்வியுற்றது என்பதையும் அதற்குரிய பிழை எண்ணையும் காணலாம். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்வதே முதல் வேலை.

1. தேடல்

கணினி முதலில் மைக்ரோசாஃப்ட்டின் வழங்கியைத் தொடர்புகொண்டு, புதிய திருத்தம் உள்ளதா என்று கேட்கிறது. இங்கேயே நின்றுவிட்டால் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது இணைய இணைப்பு. இரண்டாவது பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று. அதுதான் கணினியின் கடிகாரம். பழைய கணினியின் உள்ளே கடிகாரத்தை இயக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், மின்சாரம் தடைப்படும்போதெல்லாம் நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். பாதுகாப்பான இணைப்பில் கணினி, வழங்கியின் சான்றிதழுக்குரிய காலத்தைச் சரிபார்க்கிறது. நாள் தவறாக இருந்தால் செல்லத்தக்க சான்றிதழும் செல்லாததுபோல் தோன்றும், இணைப்பு மறுக்கப்படும். நாளைத் திருத்தி மின்கலத்தை மாற்றினால் சிக்கல் தீரும்.

2. பதிவிறக்கம்

மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்குகளில் அலைபேசிச் சமிக்ஞை சீராக இருப்பதில்லை. குன்று ஒன்று குறுக்கே நின்றால் அலைகள் வலுவிழக்கும். தோட்டத்து வீட்டில் பெற்றோரின் திறன்பேசி இணைப்பைப் பகிர்ந்து கணினியைப் பயன்படுத்தும் குடும்பத்தில், பெரிய புதுப்பிப்பு பாதியில் நிற்பதில் வியப்பில்லை. அந்த இணைப்பு ‘அளவிடப்படும் இணைப்பு’ என்று குறிக்கப்பட்டிருந்தால், பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்குவதுமில்லை. இது பழுதன்று, மாதத் தரவு தீர்ந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு.

இதற்கு வழிகள் உள்ளன. சமிக்ஞை நன்றாக உள்ள இடத்தில், இணையப் பயன்பாடு குறைந்த இரவு நேரத்தில் முயலலாம். மடிக்கணினியைப் பள்ளிக்கோ நாடி மையத்துக்கோ எடுத்துச் சென்று, பொறுப்பாளரின் அனுமதியுடன் அங்குள்ள அருகலையில் பதிவிறக்கலாம். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால், ஒன்று பெற்ற புதுப்பிப்பின் பகுதிகளை மற்றொன்று வீட்டு இணைப்பின் வழியே பெற்றுக்கொள்ளும் வசதியும் விண்டோஸில் உண்டு. இதனால் தரவுச் செலவு குறையும்.

3. நிறுவல்

பதிவிறக்கம் முழுமையடைந்த பின்னும் நிறுவல் தோல்வியடைந்தால், பொதுவான காரணம் இடப் பற்றாக்குறை. விலை குறைந்த சில மடிக்கணினிகளின் மொத்தச் சேமிப்பகமே 32 கிகாபைட்டுதான். தேவையற்ற தற்காலிகக் கோப்புகளையும் பயன்படுத்தாத செயலிகளையும் நீக்கி, குப்பைத்தொட்டியைக் காலிசெய்து, படங்களையும் காணொலிகளையும் வெளி வன்தட்டுக்கு மாற்றினால் இடம் கிடைக்கும். அடுத்ததாக, விரலி, அச்சுப்பொறி போன்ற வெளிக்கருவிகளைக் கழற்றிவிட்டு முயல வேண்டும். அதன் பின்னரும் தோல்வியுற்றால், விண்டோஸிலேயே உள்ள பழுதறியும் கருவியை இயக்கலாம். அது பாதியில் சிதைந்த பதிவிறக்கங்களைச் சரிசெய்ய முயலும்.

சில தோல்விகளுக்கு வீட்டாரின் கணினி காரணமே அன்று. 2024ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் வெளியான விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, பல வீட்டுக் கணினிகளில் 80070643 என முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றது. வன்தட்டில் மீட்புக்கென ஒதுக்கப்பட்ட சிறு பகுதியில் அப்புதுப்பிப்புக்கு 250 மெகாபைட் வெற்றிடம் தேவைப்பட்டது. பல கணினிகளில் அவ்வளவு இடம் விடப்பட்டிருக்கவில்லை. திரையில் தோன்றிய செய்தியோ இடம் போதவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. நூறு முறை பொத்தானை அழுத்தினாலும் அந்தப் பகுதி தானாகப் பெரிதாகாது. பிழை எண்ணைக் குறித்து வைத்து, மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கத்தில் தேடியவர்கள் காரணத்தை அறிந்துகொண்டனர். வன்தட்டின் பகுதிகளை மாற்றியமைப்பது நுட்பமான வேலை; அதை அனுபவம் உள்ளவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

4. மறுதொடக்கம்

கடைசிப் படிநிலையில் கணினி அணைந்து மீண்டும் இயங்குகிறது. இவ்வேளையில் மின்சாரம் தடைப்படுவது தீங்கானது. மலைப்பகுதியில் பிற்பகலில் இடியும் மழையும் வருவது வழக்கம். எனவே, வானம் தெளிந்திருக்கும் வேளையில், மடிக்கணினியின் மின்கலத்தை நிரப்பி, மின்னேற்றியையும் இணைத்து வைத்துவிட்டு மறுதொடக்கம் செய்ய வேண்டும். விழுக்காடு நெடுநேரம் ஒரே எண்ணில் நின்றாலும் உடனே அணைத்துவிடக் கூடாது. வன்தட்டு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பழைய கணினிகளில் பெரிய புதுப்பிப்பு சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

“மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன” என்ற செய்தி தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. கணினி தன்னைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து காத்துக்கொள்கிறது. தொடர்ந்து இரண்டு முறை தொடங்க இயலாமல் போனால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைத் திறக்கும். அங்கே அண்மைப் புதுப்பிப்பை நீக்கும் வசதியும், இன்றியமையாத நிரல்களோடு மட்டும் இயங்கும் ‘பாதுகாப்பு முறை’யும் உள்ளன.

பாதுகாப்பு முறையின் அருமையை 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் உலகம் உணர்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் தானாகப் பெற்ற ஒரு பிழையான கோப்பினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது இயங்குதளத்தின் புதுப்பிப்பு அன்று. எனினும், விளைவு ஒன்றே. மலேசியாவில் ஏர் ஏசியா விமானச் சேவையும் கே.டி.எம். இரயில் பயணச்சீட்டு முறையும் பாதிப்புக்குள்ளாயின. திருத்துவதற்குப் பல இடங்களில் பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று, பாதுகாப்பு முறையில் இயக்கி, அக்கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

பழுது பார்ப்பவர் செய்யும் பெருந்தவறு, ஐந்தாறு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்வதாகும். அவ்வாறு செய்தால், எது பயன் தந்தது என்று தெரியாது. எது புதிய சிக்கலை உண்டாக்கியது என்றும் தெரியாது. ஒரு மாற்றத்தைச் செய்து, முயன்று பார்த்து, முடிவை எழுதிக்கொண்ட பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். நாள், பிழை எண், செய்த மாற்றம், விளைவு என நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை போதும். பின்னர், கணினிக் கடைக்காரரிடமோ ஆசிரியரிடமோ உதவி கேட்கும்போது, “கணினி வேலை செய்யவில்லை” என்று சொல்வதைவிட அந்த அட்டவணையைக் காட்டுவது பன்மடங்கு பயனளிக்கும்.

தேர்வு நெருங்கும் காலத்தில் புதுப்பிப்பு இடையூறாகத் தோன்றினால், அதை ஒரு வாரத்திற்கு ஒத்திவைக்கலாம். கணினி பயன்பாட்டில் இருக்கும் நேரத்தைக் குறித்து, அந்நேரத்தில் மறுதொடக்கம் நிகழாமலும் தடுக்கலாம். ஒத்திவைப்பது வேறு, அடியோடு நிறுத்துவது வேறு.

சில கணினிகளுக்குப் புதிய இயங்குதளம் கிடைக்காமலே போகும். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 இயங்க 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பகமும் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இவை இல்லாத கணினியில் அது நிறுவப்படாதது பழுதன்று, வயது. அத்தகைய குடும்பங்கள் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் போன்ற மாற்று வழிகளை ஆராயலாம்.

தேயிலைச் செடியைக் கவாத்து செய்யாமல் விட்டால் அது மரமாக உயர்ந்துவிடும். பறிக்கக் கொழுந்து கைக்கு எட்டாது. வெட்டும் நாளில் செடி மொட்டையாகத் தெரிந்தாலும், அடுத்த துளிருக்கு அதுவே வழி. கணினியின் புதுப்பிப்பும் அத்தகையதே. அது தடைப்படும்போது பொறுமையாக நின்று, “எந்தப் படிநிலையில் நின்றது?” என்று கேட்பவர் விடையின் பாதியைக் கண்டுவிடுகிறார்.

சொற்பொருள்

புதுப்பிப்பு – இயங்குதளத்தின் குறைகளைக் களைய வழங்கப்படும் திருத்தம்
விரலி – சட்டைப்பையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு சேமிப்புக் கருவி
அருகலை – கம்பியில்லா இணைய இணைப்பு
நச்சுநிரல் – கணினிக்குத் தீங்கு விளைவிக்கும் நிரல்
கவாத்து – தேயிலைச் செடியின் கிளைகளைக் குறிப்பிட்ட உயரத்திற்கு வெட்டிவிடுதல்

கருத்துணர் கேள்விகள்

1. புதுப்பிப்பின் நான்கு படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.
2. கணினியின் கடிகாரம் தவறாக இருந்தால் புதுப்பிப்பு ஏன் தடைப்படுகிறது?
3. 2017, 2018 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் உணர்த்தும் இரு வேறு படிப்பினைகள் யாவை?
4. ‘ஒத்திவைப்பது வேறு, அடியோடு நிறுத்துவது வேறு.’ இக்கூற்றை உன் சொந்த நடையில் விளக்குக.
5. உன் வீட்டில் பழுதுபட்ட ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, பழுதின் காரணத்தைக் கண்டறியும் படிநிலைகளை 80 சொற்களில் எழுதுக.