இருபத்தொன்றாம் நிறக்கோல்

பிறந்த சிசுவின் முகத்தை நோக்கி, இது டௌன் கூட்டறிகுறி உடையதென வைத்தியர் கூறியவுடன், அவ்வீட்டார் முதற்கண் வினவுவது, இஃது யார் செய்த குற்றம் என்பதே. பழியும் பெரும்பாலும் தாயின்மேலேயே விழும். அது தகுமா என ஆராய்வோம்.

இந்நிலையை 1866-ஆம் ஆண்டில் தெளிவுற விவரித்தவர் ஜான் லாங்டன் டௌன் என்னும் ஆங்கில வைத்தியர். ஏறக்குறைய 700 முதல் 1,000 பிறப்புக்களுக்கு ஒன்றாக இது காணப்படுகின்றது, எனவே, அரியதொன்றன்று.

நம் உடலின் உயிரணுவொன்றில் 46 நிறக்கோல்கள், அஃதாவது குரோமோசோம்கள், 23 இணைகளாக உள்ளன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகுங்கால் ஒவ்வோரிணையும் பிரிதல் வேண்டும். இருபத்தொன்றாம் இணை பிரியாதொழியின், சேயின் அணுக்களில் அக்கோல் மூன்றாய் நிற்க, மொத்தம் 47 ஆகும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளிடத்து இதுவே காரணம். இவ்வுண்மை 1959-இல் பாரிஸ் நகரினின்று வெளியாயிற்று. அணுக்களை வளர்த்துக் காட்டிய மார்த்தே கோத்தியே அம்மையாரைப் பல்லாண்டுகள் உலகம் மறந்து, லெழூன் ஒருவரையே புகழ்ந்தது வருந்தத்தக்கது.

பிரியாமை பெரும்பாலும் கருமுட்டையிலேயே நிகழ்கின்றது. ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றிலிருக்கும்போதே தோன்றி, பிரிவை முடியாது பல்லாண்டு காத்துக் கிடக்கின்றன. தாயின் வயது இருபதாயின் சுமார் 1,500 பேறுகளுக்கு ஒன்று, முப்பத்தைந்தாயின் 350-க்கு ஒன்று, நாற்பதாயின் 100-க்கு ஒன்று என இது மிகுவதற்கு அந்நெடுங் காத்திருப்பும் ஒரு காரணமென்பர். பென்ரோஸ் என்பார் 1933-இலேயே தந்தையின் வயதன்று, தாயின் வயதே இதிற் பொருளுடையதெனக் கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும், இளந்தாய்மாரே மிகுதியாகப் பிள்ளை பெறுதலின், இக்குழந்தைகளுட் பலர் அவர்கள் மடியிலேயே பிறக்கின்றனர். அணுவின் பிரிவோ எவர் விருப்பத்திற்கும் உட்பட்டதன்று. உண்ட உணவும் கண்ட கிரகணமும் அதனைச் செய்வனவல்ல.

நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரிடத்துச் சில அணுக்களில் மட்டும் மூன்று கோல்கள் இருக்கும். இன்னும் மூன்று நான்கு பேரிடத்து, மிகையான இருபத்தொன்றாம் கோல் பதினான்காவது முதலிய பிறிதொன்றோடு ஒட்டியிருக்கும். இவ்வொட்டு சிலபோது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருவது. அவர் 45 கோல்களே உடையராயினும் யாதொரு குறையுமின்றி வாழ்வர். அவர்தம் பிள்ளைகளிடத்து இந்நிலை மீண்டுந் தோன்றலாம். ஆதலின் ஒட்டு வகை காணப்படின், தாய் தந்தை இருவர் குருதியையும் சோதித்த பின்னரே அடுத்த பேற்றைப் பற்றி வைத்தியர் உரைப்பர்.