"நல்லா இல்ல" சொல்வதற்கு முன்

ஞாயிறு வகுப்பில் தம்பி தங்கைகளுக்கு வரையச் சொல்லித் தருகிறோம். அடுத்த பிள்ளையின் ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொல்லித் தருகிறோமா? "ஐயே, யானை பன்றி மாதிரி இருக்கு!" இந்த ஒரு வார்த்தை போதும், சில பிள்ளைகள் அப்புறம் கலர் பென்சிலையே தொடமாட்டார்கள்.

அமெரிக்கக் கலைக்கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மேன் நான்கு படிகளை வகுத்தார். தீர்ப்பு கடைசியில்தான். சுவா மியா டீ 1959-இல் தீட்டிய 'தேசிய மொழி வகுப்பு' ஓவியத்தில் இதைப் பழகலாம். அது சிங்கப்பூர் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது.

1. என்ன தெரியுது? வட்ட மேசை, மாணவர்கள், கரும்பலகையில் மலாய் மொழியில் இரண்டு கேள்விகள்: பெயர் என்ன, வீடு எங்கே.

2. எப்படி அமைச்சிருக்காரு? கண் முதலில் எங்கே போகுது? மேசை ஏன் வட்டமா இருக்கு?

3. என்ன சொல்ல வர்றாரு? அது சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு என்பதையும் சொல்லுங்கள்.

4. எது நல்லா வந்திருக்கு? எது வரல? ஏன்? "ஏன்" இல்லாத பதிலை ஏற்க வேண்டாம்.

அடுத்து, பிள்ளைகள் வரைந்த படங்களுக்கு வாருங்கள். பொறியியல் வகுப்பில் நாங்கள் குறை பார்ப்பது வரைபடத்தில், வரைந்தவரிடம் இல்லை. இங்கேயும் அதே விதிதான். "உனக்கு வரையத் தெரியல" வேண்டாம். "தும்பிக்கை இன்னும் நீளமா இருந்தா யானைன்னு உடனே தெரியும்" என்று சொல்லட்டும். வெறும் "சூப்பர்" என்பதும் உதவாது. வரைந்த பிள்ளையிடமும் கேளுங்கள்: "நீ என்ன மாத்தலாம்னு நினைக்கிற?" கடைசி முடிவு அந்தப் பிள்ளையுடையது.